சீசனுக்குக் கீழே இறக்கிவிட்ட பிள்ளைகள்

குன்னூர்,
ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மகாலட்சுமிக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, படியேறும்போது மட்டும் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் மனிஷாவும் அந்தக் கனடாப் பனியில் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று காலையில் உன் அம்மா படத்துக்கு விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொண்டேன். போன வாரம் மனிஷாவுக்குக் காய்ச்சல் என்றதும் அன்று சாயங்காலமே டாக்டரிடம் கூட்டிப் போனதாகச் சொன்னாய், நல்ல காரியம் செய்தாய். மாப்பிள்ளையை இடுப்பு வலியோடு பனி அள்ளவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நாளைக்குச் சித்திரை ஒன்று. இங்கே இன்னும் சரியாக மழை இல்லை, பிளம்ஸ் மரத்தில் பிஞ்சு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. நேற்றுக் காலை நம் வீட்டுக் குழாயடியில் ஒரு காட்டெருமை வந்து ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. பக்கத்து வீட்டு லியோ கதவுக்குள்ளே இருந்துகொண்டு, "ஏனுங்கண்ணே, சீசனுக்கு ரூம் கேட்டு வந்திருக்குதுங்க, உள்ள கூப்பிடுங்க" என்றான். எஸ்டேட்டில் முப்பது வருடம் டிரைவராக இருந்து ஓய்வு வாங்கியும் அவன் வாய் ஓய்வு வாங்கவில்லை. கடை நடக்கிறது. இ-பாஸ் வந்த பிறகு வண்டி குறைந்துவிட்டது என்று பஜாரே புலம்புகிறது, நான் புலம்பவில்லை, வருகிறவனுக்கு நல்ல தேயிலைத் தூள் கொடுத்தால் அடுத்த வருடமும் அவன் நம் கடையைத் தேடி வருவான். உன் தம்பி முத்துராஜ் ஊரில் இல்லை. புதன்கிழமை கோயமுத்தூர் போனவன் இன்னும் திரும்பவில்லை. ஏன் என்று கீழே வரும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

போனில் பேசாமல் தாளில் எழுதுகிறேனே என்று நினைப்பாய். மூன்று முறை போனைக் கையில் எடுத்தேன். நீ வீடியோவில்தான் வருவாய், என் முகத்தைப் பார்த்ததும் அப்பா என்னாச்சு என்பாய், நான் உடனே ஒன்றுமில்லை என்று விடுவேன். என்னைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். முத்துராஜுக்குக் காது போன நாளிலிருந்து இந்த வீட்டில் முக்கியமானதை எல்லாம் சீட்டில் எழுதித்தானே பேசுகிறோம், அதனால் எழுதுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி லியோவின் மகளிடம் கொடுப்பேன். அசல் கொரியரில் வரும். முழுவதையும் உட்கார்ந்து படி, பாதியில் நிறுத்தி எனக்குப் போன் போடாதே.

போன மாதம் ஒரு நீண்ட வாய்ஸ் மெஸேஜ் அனுப்பியிருந்தாய் அல்லவா, அதை நான் ஏழெட்டுத் தடவை கேட்டேன். மனிஷா பள்ளிக்கூடத்தில் அம்மா சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு என்ன செய்தாள் என்று எழுதி வரச் சொன்னார்களாம், நீ கோயமுத்தூர்க் கற்பூரக்காரர் சந்து பற்றிச் சொன்னாயாம். தேர்முட்டிக்குப் பின்னால் வண்டி நுழையாத சந்து, ஆறு குடித்தனம் இருந்த வளவு, நடுவில் ஒரே குழாய், சிறுவாணித் தண்ணீர் வரும் சத்தம் கேட்டதும் குடங்களோடு ஓடுவது, மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து அது ஆவியாகிப் போகும் வரை அதில் வெறுங்காலோடு குதிப்பது, சேமியா ஐஸ் வண்டியின் மணி, மில் சங்கு ஊதினால் மணி பார்க்க வேண்டாம் என்பது, பக்கத்துக் குடித்தனத்துப் பிள்ளைகளோடு சுவரில் கரி கொண்டு கிரிக்கெட் ஸ்டம்ப் வரைந்தது. குன்னூரில் எத்தனை சட்டை போட்டாலும் குளிரும், அங்கே பாவாடை ஒன்றோடு நாள் முழுக்கத் திரியலாம், அதுதான் எனக்குச் சொர்க்கம் என்றாய். மே மாதம் மனிஷாவைக் கூட்டி வந்து அந்தச் சந்தைக் காட்ட வேண்டும், அதற்கு முன்னால் போய் நாலு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றாய். கடைசியில் ஒன்று சொன்னாய். அத்தையை நான் பார்க்க மாட்டேன், வீட்டை வெளியில் இருந்து காட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று. அந்த மெஸேஜில் அத்தை என்கிற சொல் வந்தது அந்த ஒரே இடத்தில்தான். குடத்தை உன் இடுப்பில் தூக்கி வைத்தது யார், மாடியில் தண்ணீர் தெளித்தது யார், ஐஸுக்கு முந்தானை முடிச்சை அவிழ்த்தது யார் என்று நீ சொல்லவே இல்லை. சொல்லாமல் விட்டதற்கு உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் பெயரை உன் வாயில் கசக்கும்படி செய்தவன் நான்.

முதலில் அந்தக் கோடைகளைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்கிறேன். நாங்கள் உங்களை விடுமுறைக்கு அனுப்பவில்லை. இடம் காலி செய்ய அனுப்பினோம். ஊர் உலகமெல்லாம் மலை ஏறி வருகிற மாதத்தில் பஜார்க்காரன் பிள்ளைகள் கீழே இறங்குவார்கள். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், சித்திரை பிறந்ததும் பிள்ளைகளைக் காரமடைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏற்றிவிட்டு, வீட்டைத் துடைத்து, வெள்ளை விரிப்புப் போட்டு, சீசனுக்கு வருகிறவர்களுக்கு விட்டுவிடுவோம். நானும் உன் அம்மாவும் கடைக்கு மேலே பலகைத் தட்டில் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வோம். விடிந்ததும் உன் அம்மா நம் வீட்டுக்கே வேலைக்காரி மாதிரி போய் அவர்களுக்குச் சமைத்துப் போடுவாள். கேரட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு டூரிஸ்ட் பஸ் பின்னால் ஓடியவன் நான், எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த மாதங்களை வைத்துத்தான் கடை வந்தது, வீடு வந்தது, நீ படித்தாய். அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ சொர்க்கம் என்று சொன்ன அந்தக் கோடைகளில் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. உங்களைக் கொண்டுபோய் விடுவதும் லியோதான், கூட்டி வருவதும் பெரும்பாலும் லியோதான். என் அக்கா வேலாமணி மில்லில் ரீலிங் வேலை பார்த்துக்கொண்டு, புருஷன் போன பிறகு தனி ஆளாக அந்த ஒற்றை அறையில் இருந்தாள். நீங்கள் வருகிறீர்கள் என்றால் யார் யார் காலையோ பிடித்து ஷிப்டை மாற்றிக்கொள்வாளாம். அதையும் நான் இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இந்த மாதம் ஒன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை லியோவின் ஜீப்பில் போனேன். போட்டோ எடுக்கத்தான் போனேன், வேறு எண்ணம் இல்லை என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பர்லியார் தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. சந்து வாசலில் இப்போது வரிசையாக மொபைல் கவர் கடைகள். உள்ளே போனால் வலது பக்கம் முழுக்க இடித்துத் தரைமட்டமாகக் கிடக்கிறது. இடது பக்கம் நம் வளவு மட்டும் பாதி நிற்கிறது. வீட்டுக்காரரின் மகன்கள் விற்றுவிட்டார்கள், ஐந்து குடித்தனம் பொங்கலோடு காலி செய்து போய்விட்டது. குழாயைப் பிடுங்கிவிட்டார்கள், இருந்த இடத்தில் ஒரு குழியும் நாலு செங்கல்லும் இருக்கிறது. நீ கேட்டாயே என்று மாடிக்கு ஏறினேன். ஒரு மூலையிலும் நிழல் இல்லை. காலை வைக்க முடியவில்லை, செருப்போடு நின்றேன். இவ்வளவு வெயிலிலா என் பிள்ளைகள் குதித்தார்கள் என்று நின்றுகொண்டிருக்கும்போது கீழே இருந்து, "ஆருங்க மேல? எடை தாங்காதுங்க, எறங்கி வந்துருங்க" என்று குரல் வந்தது. அக்காவின் குரல். எட்டிப் பார்த்தேன், அவளும் அண்ணாந்து பார்த்தாள், கண்ணில் புரை விழுந்திருக்கிறது, என்னைத் தெரியவில்லை. நான்தான் பொன்னுத்துரை என்றேன். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு, "வெயில்ல நின்னு பழக்கமில்லாதவன், மயக்கம் போட்டு உளுந்தா ஆரு தூக்கறது, கீழ வா" என்றாள்.

அறையில் ஒரு மூட்டை கட்டி வைத்திருந்தது, ஒரு ஸ்டவ், ஒரு குடம். கரண்டு இல்லை. தண்ணீருக்கு ஐந்து தெரு தாண்டிப் போகிறாள், எழுபத்தொரு வயது. எனக்கு மோர் கரைத்துக் கொடுத்துவிட்டு, முப்பதாம் தேதிக்குள் எல்லாரும் போய்விட வேண்டும் என்று சாதாரணமாகச் சொன்னாள். எல்லாரும் என்றால் அவள் ஒருத்திதான். எங்கே போவாய் என்றேன். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்திருப்பதாகச் சொல்லி ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்துக் காட்டினாள். யாரோ காலேஜ் பெண் நிரப்பிக் கொடுத்திருக்கிறாள், எழுத்து அழகாக இருந்தது. உறவினர் பெயர், முகவரி என்று கேட்டிருந்த இடத்தில் நீளமாக ஒரு கோடு. மகளே, நான் எத்தனையோ ஆட்களை எதிரே உட்கார வைத்து வியாபாரம் பேசியவன், எதற்கும் வாய் அடைத்ததில்லை. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து முனை வரை ஓட்டிப் பார்த்தேன். அக்கா நீ குன்னூர் வந்துவிடு, வீடு காலியாகத்தானே கிடக்கிறது, நானும் முத்துராஜும்தான் என்றேன். அவள் உடனே மறுக்கவில்லை. மோர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "வாரேன். ஆனா அந்த ஊட்டுக்குள்ள திருடி மாதிரி என்னால ஏற முடியாது. உன்ற பையங்கிட்டயும் புள்ளகிட்டயும் நீ உன்ற வாயால சொல்லு. அவங்க ரெண்டு பேரும் வரச் சொன்னா வாரேன். சொல்லலைன்னா நான் இந்த பாரத்தைக் கொண்டு போய்க் குடுத்துக்கறேன்" என்றாள். இத்தனை வருடம் நீயே சொல்லியிருக்கலாமே அக்கா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். அதற்கு அவள் கோபப்படவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னக்கிளி உன்னோட குடும்பம் நடத்தியிருப்பாளா? ரெண்டையும் தூக்கிட்டுக் கௌம்பியிருப்பா. அதுகளுக்கு அப்பன் வேணும்னு நெனச்சேன். இப்ப அவளும் போயிட்டா, இனி ஆருக்காக நான் வாயை மூடிட்டு இருக்கோணும்?" என்றாள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உனக்குப் பதினொன்று, முத்துராஜுக்கு ஏழு. மே மாதக் கடைசி, பழக்கண்காட்சி வாரம். புதன்கிழமை கடைக்கு அக்கா போன் பண்ணினாள், சந்து முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து. தம்பிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் கொதிக்கிறது, டாக்டரிடம் காட்டட்டுமா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். மலைப் பிள்ளைகளுக்குக் கீழே போனால் உடம்பு காயும், வேர்க்குரு வரும், மூக்கில் ரத்தம் வரும், வருடா வருடம் உங்கள் இரண்டு பேருக்கும் வந்ததுதான். வண்டியில் ஏற்றிக் கொண்டைஊசி வளைவு நாலு திரும்பி குளிர்ந்த காற்றுப் பட்டதும் எழுந்து உட்கார்ந்து முறுக்கு கேட்பீர்கள். எங்கள் பஜாரில் ஒவ்வொருத்தனும் அதைத்தான் நம்பினான், கீழே வந்த காய்ச்சலுக்கு மருந்து மேலே இருக்கிற குளிர் என்று. சூட்டுக்காய்ச்சல், இளநீரும் மோரும் கொடு, ஈரத்துணி போடு, ஊசி போட்டால் உடம்பு இன்னும் கெட்டுவிடும், ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி முடிந்ததும் நான் வந்து மேலே கூட்டிப் போகிறேன் என்றேன். வியாழக்கிழமை மறுபடியும் போன். வாந்தி எடுக்கிறான், கழுத்தைக் குனிய முடியவில்லை என்று அழுகிறான் என்றாள். கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். தலையணை மாற்றிப் போட்டிருப்பாய், அதனால் சுளுக்கு, சும்மா சும்மா போன் பண்ணாதே என்று வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மூன்றாவது முறை. இந்தத் தடவை அவள் கேட்கவில்லை, பையனை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறேன் என்று சொன்னாள். அதற்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், குறைக்க மாட்டேன். "என்ற பையன். நான் வந்து பார்த்துக்கறேன். நீயொண்ணு பெத்திருந்தாத் தெரியும், எது சூட்டுக்காய்ச்சல் எது கெட்ட காய்ச்சல்னு" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டானது என்று நினைத்து நானும் வைத்துவிட்டு ஒரு ஆளுக்குத் தைலம் எடுத்துக் கொடுத்தேன். குழந்தை இல்லாதவளிடம் அதைச் சொன்னால் அவள் அதற்கு மேல் என்ன பேசுவாள். ஆனாலும் சனிக்கிழமை விடியும்போது அவன் கண் செருகியதும் என் பேச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். உயிர் பிழைத்தது அதனால்தான். மூளைக்காய்ச்சல், இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் காதைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்குத் தகவல் வந்து நானும் உன் அம்மாவும் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

வராந்தாவில் வைத்து உன் அம்மா என்னைக் கேட்டாள், நாலு நாளாகக் காய்ச்சலாமே, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று. மூன்று நாளும் அவள் நம் வீட்டில் தங்கியிருந்த சென்னைக் குடும்பத்துக்குச் சமைத்துக்கொண்டு கிடந்தாள், கடைப் பக்கம் வரவே இல்லை, போன் வந்தது அவளுக்குத் தெரியாது. நான் சொன்னேன், "அக்கா சொல்லவேயில்லை. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்." இரண்டு கை தூரத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், உன் அம்மாவைப் பார்த்தாள், கையில் இருந்த ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று நான் அதை உடனே திருத்தியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். பிறகு உன் அம்மா உன்னைக் கேட்டாள். நீ பார்த்ததைச் சொன்னாய், தம்பி படுத்திருக்கும்போது அத்தை தினமும் அவனை விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறேன் என்று வெளியே போய் வெகுநேரம் கழித்துத்தான் வருவார் என்று. உன் அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையைப் போட்டுவிட்டு ஊர் சுற்றினாள் என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள், நீயும் அதையேதான் நம்பிக்கொண்டிருக்கிறாய். மகாலட்சுமி, அவள் வெளியே போனது அந்தப் போன் பூத்துக்கு. கடை லைன் கிடைக்காமல் வெயிலில் வரிசையில் நின்றிருக்கிறாள். நீ பயந்துவிடக் கூடாது என்று உன்னிடம் கடைக்கு என்று சொல்லியிருக்கிறாள். நீ பொய் சொல்லவில்லை, குழந்தை கண்டதைச் சொன்னாய். அதற்கு அர்த்தம் தெரிந்தவன் ஒருத்தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், அவன் வாயைத் திறக்கவில்லை. அதை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

அதற்குப் பிறகு உன் அம்மா உங்கள் இரண்டு பேரையும் மலையை விட்டு இறக்கவில்லை. உன் கோடைகள் அங்கேயே முடிந்தன. அடுத்த சீசனில் நீயும் எங்களோடு பலகைத் தட்டில் படுத்துக்கொண்டு எப்போது கோயமுத்தூர் போவோம் என்று கேட்பாய், உன் அம்மா அடிப்பாள், நான் கடைக்கு இறங்கிவிடுவேன். இரண்டு வருடம் முன்னால் உன் அம்மா போனபோது அக்கா முதல் பஸ்ஸில் ஏறி வந்தாள். வாசலுக்கு வெளியே ரோட்டிலேயே நின்றாள். நீ கனடாவிலிருந்து அன்று காலைதான் வந்து சேர்ந்திருந்தாய், அவளைப் பார்த்துவிட்டு, இவங்களை யார் வரச் சொன்னது என்று எல்லார் முன்னாலும் கேட்டாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். மாலையை லியோ கையில் கொடுத்துவிட்டு அவள் திரும்பிப் போனாள். நடந்தே பஸ் ஸ்டாண்டு வரை போனதாக லியோ பிற்பாடு சொன்னான், கூடவே, ஏனுங்கண்ணே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே என்றான். அவனுக்கு விஷயம் தெரியாது, இருந்தாலும் அவனுக்கே அப்படித் தோன்றியிருக்கிறது.

முத்துராஜிடம் மூன்றாம் தேதி சொன்னேன். கடைக்குப் பின்னால் அவன் அரவேணு ஃபாக்டரியில் இருந்து வந்த தூளைச் சலித்துக்கொண்டிருந்தான். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன், உனக்கு எழுதிய அளவுக்கு நீளமில்லை, பத்து வரி. படித்தான். மடித்து வைத்துவிட்டுச் சலிக்க ஆரம்பித்தான். மூட்டை முடிந்த பிறகு என்னிடம் வந்து அதே தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினான், அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று. பேனாவை வாங்கிக்கொண்டேன். என்ன எழுதுவது, பயம் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவன் கையைக் கழுவப் போய்விட்டான். அதன் பிறகு ஆறு நாள் எனக்கு ஒரு சீட்டும் எழுதவில்லை. நான் எழுதி நீட்டினால் வாங்கிப் படிப்பான், சாப்பாடு எடுத்து வைப்பான், பதில் எழுத மாட்டான். பேசுகிற வீட்டில் ஒருத்தர் பேசாமல் இருந்தால் ரேடியோவாவது பாடும். நம் வீட்டில் அதுவும் இல்லை. புதன்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் ஆள் இல்லை, கடைச் சாவி மட்டும் சாமி அலமாரியில் இருந்தது. மத்தியானம் போனில் ஒரு படம் வந்தது. கற்பூரக்காரர் சந்து வளவு, அக்காவின் அறை வாசல், அவன் இரண்டு குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து வைத்திருக்கிறான், அக்கா அவன் தலையைத் துணியால் துவட்டிக்கொண்டிருக்கிறாள். எழுத்து எதுவும் இல்லை. அங்கேயேதான் இருக்கிறான். அவனைப் பொறுத்த வரை அவளை வரச் சொல்லியாகிவிட்டது, எப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது, அவர்கள் பாடு. ஆனால் அக்கா மூட்டையைத் தூக்கவில்லை. நேற்று அவளுக்குப் போன் பண்ணினேன். "பெரியவ என்ன சொல்றாள்னு பாக்கோணும். அவதான் எம்மூஞ்சியப் பாக்க மாட்டேன்னு போனவ. அவ சொல்லாம நான் அன்னக்கிளி படம் மாட்டியிருக்கற ஊட்டுக்கு வரமாட்டேன்" என்றாள். வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன உரிமை.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்க வேண்டியவளே போய்விட்டாள், முத்துராஜுக்கு என்னால் வந்த நஷ்டம் எந்த மன்னிப்பாலும் ஈடாகாது, உன்னிடம் கேட்டு என் பாரத்தை உன் மேல் இறக்கி வைக்க மாட்டேன். நீ என் மேல் எவ்வளவு கோபப்பட்டாலும் அது நியாயம்தான். அவசரப்பட்டு ஆறவும் வேண்டாம், மாப்பிள்ளையிடம் மறைக்கவும் வேண்டாம். மே மாதம் மனிஷாவைக் கூட்டி வந்தால் அந்தச் சந்தில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. நான் எடுத்த நாலு போட்டோவையும் அனுப்புகிறேன், இடிந்த சுவர்தான் இருக்கிறது, எது நீ கரியால் வரைந்த சுவர் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்காவுக்குத்தான் தெரியும். நீ மறந்துபோனதும் அவளுக்குத் தெரியும், எந்த வருடம் உனக்கு எந்தப் பல் விழுந்தது, எந்தப் பாட்டுக்கு நீ ஆடினாய் என்பது வரைக்கும். ஒரு மணி நேரம் அவள் உங்களைப் பற்றிச் சொல்ல நான் அடுத்த வீட்டுக்காரன் மாதிரி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதெல்லாம் அந்த விண்ணப்பப் பாரத்தோடு ஏதோ ஒரு ஊர் ஹாலில் முப்பது கட்டிலுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொள்ளக் கூடாது.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். என் ஆசீர்வாதம் இப்போது உனக்கு வேண்டுமோ வேண்டாமோ, கொடுத்துவிட்டேன். உன் அம்மாவுடையது எப்போதும் உண்டு. கடைசியாக ஒரு ஞாபகப்படுத்தல். அக்காவின் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சார்ஜ் போட மூலைக் கடைக்குப் போவதால் இங்கே காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரைதான் போனைத் திறந்து வைத்திருப்பாள், உங்கள் ஊரில் அது முந்தின நாள் சாயங்காலம். புரை விழுந்த கண், திரையில் யார் என்று அவளால் படிக்க முடியாது, எடுத்ததும் நீ யாரென்று சொல்லிவிடு. இதைப் படித்து முடித்ததும் முதலில் எனக்குப் பேசாதே, அவளுக்குப் பேசு. அதன் பிறகு எனக்கும் பேச வேண்டும் என்று தோன்றினால் பேசு, தோன்றாவிட்டால் நான் புரிந்துகொள்வேன். முப்பதாம் தேதிக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது.

உன் அப்பா,
பொன்னுத்துரை.